பத்து வயதுக்குட்பட்டோர்: ஒருவர்

தேத்தண்ணி நல்லாயிருக்கிறது, ஐயா. சீனி கொஞ்சம் தூக்கல். ஆனாலும் பொலிஸ் நிலையத்தில் பால் விட்டுத் தேத்தண்ணி தருகிறவர்களைக் குறை சொன்னால் பாவம் எனக்குத்தான். நீங்கள் எழுதுங்கள், நான் மெதுவாகவே சொல்கிறேன். மொழிபெயர்த்துப் பழகியவன் ஆகையால், எழுதுகிறவருக்கு எங்கே நிறுத்தவேண்டும் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்பது பெனிற்றாவின் காதைப் பற்றி. காது கேளாத சுதனுக்கும் அல்போன்சம்மாவுக்கும் அவள் ஒரே பிள்ளை. இப்போது பத்து வயது. மூன்று வயதில் அவளுக்குக் காது கேட்டது, ஐந்து வயதில் கேட்கவில்லை. இடையில் என்ன நடந்தது என்று பெற்றவர்களுக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் வேதப்படத்திலிருந்து தொடங்காவிட்டால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. சும்மா என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள்.

வேதப்படம் தொடங்கியபோது நெடுந்தீவில் காது கேளாதவர்கள் இருபத்தொரு பேர். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கட்டி வந்த வினை என்று டொக்டர்மார் சொல்வார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கைப்பேச்சு என்கிறோம். அது வேறெங்கும் இல்லை. யாழ்ப்பாணத்தில் சைகை படித்தவர்கள் வந்தாலும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். ஊருக்குள் சிலர் இதை ஊமைப் பாஷை என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களோடு நான் கதைப்பதில்லை. மீன் என்ன விலை, அரிசி இருக்கா என்று கேட்கிற அளவுக்குக் கையை ஆட்டத் தெரிந்தால் எல்லாம் தெரியும் என்று நினைக்கிற சனம் அது.

என் அப்பா, அம்மா இரண்டு பேரும் கைப்பேச்சுக்காரர். எனக்குக் காது கேட்கும். என்னைப்போலக் கேட்கிற பிள்ளைகள் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் கனடா, பிரான்ஸ் என்று போய்விட்டார்கள். கந்தோரில் கிளாக்கர் வேலை கிடைத்ததால் நான் மட்டும் மிஞ்சினேன்.

கேட்காதவர்களுக்குப் பிறந்த கேட்கிற பிள்ளையின் பாடு உங்களுக்குத் தெரியாது, ஐயா. ஆறு வயதில் நான் தபால் கந்தோரில் நின்று அப்பாவுக்காகக் கதைத்தேன். செத்தவீட்டில் சனம் அழுதுகொண்டு என்ன சொல்கிறது என்று அம்மாவுக்குச் சொன்னேன். எட்டு வயதில், அப்பாவின் வயிற்றுக் கட்டியைப் பார்த்த டொக்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "அப்பாவுக்குச் சொல்லும் தம்பி, இனிச் செய்ய ஒண்டுமில்லை." நானே என் கையால் அப்பாவுக்கு அதைச் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு, பசிக்கிறதா என்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்கு விளையாட்டில் மனம் போனதேயில்லை.

நான் சைவப் பிள்ளை. திருநீறு பூசிக்கொண்டுதான் மாற்கு நற்செய்தியை மொழிபெயர்த்தேன். ஊர்த் தேவாலயத்துப் பங்குச் சுவாமி அதைப் பார்த்துச் சிரிப்பார். அப்பா சாகிறபோது வீட்டில் தேவாரம் படித்தார்கள். அவர் எல்லாருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். ஒரு வரிகூட அவருக்கு எட்டவில்லை. எட்டு வருடங்களுக்கு முன்னால் யாழ்ப்பாணத்து வேதாகம அலுவலகம் ஒன்றிலிருந்து தர்சனா என்ற பிள்ளை வந்து, "அண்ணை, கைப்பேச்சிலை வேதம் செய்யப்போறம், நீங்கள் இல்லாமல் ஏலாது" என்றபோது, எந்தக் கடவுள் என்று நான் பார்க்கவில்லை. இந்தக் கைகளுக்கும் ஒரு வேதம் என்றால் சின்னக் காரியமா?

கைப்பேச்சுக்கு எழுத்து இல்லை. ஆகவே எங்கள் வேதம் படம்தான். நான் தமிழில் வாசித்துச் சுதனுக்குக் கையால் விளங்கப்படுத்துவேன். அவன் அதைத் தன் கையில் எடுத்து, கமராவுக்கு முன்னால் நின்று சொல்வான். தீவிலேயே அவனைப்போலக் கை ஓடுகிறவன் இல்லை. பிறகு அந்தப் படத்தை, முன்பு பார்க்காத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, விளங்கியதைத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். அவர் கையால் சொல்வதை நான் தமிழாக்க, தர்சனா புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பா. சில சொல்லுக்கு மாதக் கணக்காகும். கடவுள் என்பதற்கு எங்கள் வீட்டில் நெற்றியில் மூன்று விரலால் இழுப்போம், சுதன் வீட்டில் சிலுவை போடுவார்கள். கடைசியில் இரண்டையும் விட்டு, இரண்டு கையையும் விரித்து மேலே காட்டுவது என்று முடிவெடுத்தோம்.

மொழிபெயர்த்தவனே திருப்பிச் சொல்வதையும் தமிழாக்கக் கூடாது என்பது அலுவலகத்தின் சட்டம். கள்ளம் பண்ணலாம் அல்லவா? ஆனால் இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? அதனால் தர்சனா ஒரு ஒழுங்கு வைத்தா. கமராவின் சிவப்பு வெளிச்சம் எரியும்வரை, கையில் வருவது எல்லாவற்றையும் நான் வாயால் சொல்லவேண்டும், வாயில் வருவது எல்லாவற்றையும் கையால் சொல்லவேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சரி என்று தலையாட்டினேன். இந்த எட்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அதை மீறவில்லை. தர்சனாவே சாட்சி சொல்லுவா.

இரண்டாம் வருடம் மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. இருபத்தொரு பேருக்கு ஒரு வேதமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். படிவத்தில் ஒரு கேள்வி: இந்த மொழியைத் தவிர வேறு மொழி இல்லாத, பத்து வயதுக்குட்பட்டோர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. கேட்காதவர்களில் இளையவனுக்கே அப்போது பத்தொன்பது வயது. இல்லை என்று எழுதினால் வேலை நின்றுவிடும் என்று தர்சனா சொன்னா. மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் நிற்கிறோம். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தக் கேள்விக்கு ஒருவர் என்று எழுதினேன். பெனிற்றாவின் பெயரை எழுதினேன். அவளுக்குக் கேட்கும் என்று தர்சனாவுக்குத் தெரியாது. எப்போதும் தாயோடு கையால்தானே கதைத்துக்கொண்டிருப்பாள்.

வாழ்க்கையில் நான் எழுதிய முதல் பொய் அது, ஐயா. கந்தோரில் கேட்டுப் பாருங்கள், ஒரு வரவு ஏட்டில்கூடத் தப்பாகக் கையெழுத்து வைத்தவன் இல்லை. அந்தப் பொய் என்னை அரித்துக்கொண்டேயிருந்தது.

பெனிற்றாவைப் பற்றியும் சொல்லவேண்டும். கெட்டிக்காரி. மீன்காரர் மணியடித்தால் தாயின் சட்டையைப் பிடித்து இழுப்பாள். மழை கூரையில் விழுந்தால் கொடியிலிருக்கும் உடுப்பைக் காட்டுவாள். என்னை "மாமா" என்று வாயால் கூப்பிடுவாள். அந்த வருடம் ஒருநாள் சுதன் தபால் கந்தோருக்குப் போகும்போது என்னைக் கூப்பிடவில்லை, பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு போனான். மூன்று வயதுப் பிள்ளை அங்கே என்னத்தைக் கதைக்கும்? எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். இன்னும் மூன்று வருடத்தில் இவள் ஆஸ்பத்திரியில் நின்று தகப்பனுக்குச் சாவு சொல்லவேண்டி வரும் என்றுதான் நினைத்தேன். என்ரை பாடு இந்தப் பிள்ளைக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். அது பாவமா?

அந்த ஐப்பசியில் அவளுக்குக் காதால் சீழ் வடியத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கு நான்தான் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். காலைப் படகு, குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து பஸ், வழியெல்லாம் பிள்ளை என் மடியில். டொக்டர் தங்கமான மனுசன். ஒரு கடதாசியை எடுத்துக் காதின் உட்புறத்தைக் கீறிக் காட்டினார்.

"ரெண்டு காதிலையும் உள்ளுக்குச் சீழ் பிடிச்சுக் கிடக்கு. இப்ப பிள்ளைக்கு வடிவாய்க் கேக்குது. மூண்டு மாசத்துக்குள்ளை ஒப்பறேசன் செய்தால் கேக்கிறதைக் காப்பாத்தலாம். விட்டால் போயிடும், பிறகு கொண்டு வந்தும் பிரியோசனமில்லை. அம்மா அப்பாவுக்கு நல்லாய் விளங்கப்படுத்துங்கோ."

நான் அவர்கள் பக்கம் திரும்பினேன். சுதன் என் கையைப் பார்த்தான். அல்போன்சம்மா என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தா. பிள்ளை டொக்டரின் பேனாவோடு விளையாடிக்கொண்டிருந்தது. அந்த அறையில் கமரா இல்லை.

பிள்ளைக்குக் கேட்கிறது மெல்ல மெல்ல நின்றுவிடும், உங்கள் இரத்தம்தானே, செய்ய ஒன்றுமில்லை என்று சொன்னேன். செய்ய ஒன்றுமில்லை என்பதற்கான கையசைவு எனக்கு எட்டு வயதிலிருந்தே பழக்கம்.

அல்போன்சம்மா விடவில்லை. "மருந்து ஒண்டும் இல்லையோ எண்டு கேள்" என்றா. கைப்பேச்சில் நீ, நீர், நீங்கள் என்ற பேதம் இல்லை, அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம். நான் டொக்டரிடம் திரும்பி, "பிள்ளைக்குத் தோடு போடலாமோ எண்டு கேக்கினம்" என்றேன்.

டொக்டர் சிரித்தார். "அது பிறகு பாப்பம். முதல் காதைக் காப்பாத்துவம்."

அந்தச் சிரிப்பைத் தாய் கண்டுவிட்டா. "ஏன் சிரிக்கிறார்?" என்று கேட்டா. "கடவுள் தந்த பிள்ளை, கேட்டாலென்ன கேக்காட்டிலென்ன எண்டு சொல்லிச் சிரிக்கிறார்" என்று சொன்னேன். கீறின படத்தைத் தொட்டு, இது என்ன என்று சுதன் கேட்டான். பிறக்கும்போதே உள்ளே இப்படித்தான் இருந்திருக்கிறது என்று சொன்னேன். அவன் கடதாசியைத் திருப்பி வைத்தான். பிறகு மனைவியின் தோளைத் தட்டி, எங்களைப்போலத்தானே, எங்களுக்கு என்ன குறை என்றான். அவவின் கண்ணீர் நிற்கவில்லை. படகில் வரும்போது பிள்ளையின் காதைத் தன் நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டே வந்தா. நான் மற்றப் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் தந்த வலிக்கான சொட்டு மருந்தை நான் தடுக்கவில்லை. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் விடவேண்டும் என்று சரியாகச் சொன்னேன். பிள்ளை நோவில் துடிக்க நான் விடுவேனா? நோயும் ஒப்பறேசனும் எழுதியிருந்த கிளினிக் கொப்பியை மட்டும் என் அலுமாரியில் வைத்துக்கொண்டேன், அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. கிளினிக்கிலிருந்து இரண்டு தடவை என் போனுக்கு எடுத்தார்கள். குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார்கள் என்று சொன்னேன். எங்கள் தீவுச் சனம் என்றால் அதை யார் நம்பமாட்டார்கள்?

பிறகு மாதம் ஒரு தடவை அவர்கள் வீட்டுக்குப் போவேன். பிள்ளைக்குப் பின்னால் நின்று, "பெனிற்றா" என்று கூப்பிடுவேன். முதலில் சட்டென்று திரும்பினாள். பிறகு இரண்டு தடவை கூப்பிடவேண்டியிருந்தது. பிறகு கத்தவேண்டியிருந்தது. ஊரடங்கு போட்டுப் படகெல்லாம் நின்ற அந்தச் சித்திரையில், முற்றத்தில் சிப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். கிட்டப் போய்க் கூப்பிட்டேன். கையைத் தட்டினேன். தகரப் பேணியை எடுத்து நிலத்தில் அடித்தேன். அவள் அடுக்கிக்கொண்டேயிருந்தாள். என் நிழல் விழுந்தபிறகுதான் திரும்பினாள். என்னைக் கண்டதும் கையால் மாமா என்றாள், வாய் அசையவில்லை.

எனக்கு அழுகை வந்தது, ஐயா. நான் கல்லு இல்லை. வீட்டுக்கு வந்து படிவத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தேன். பத்து வயதுக்குட்பட்டோர்: ஒருவர். அதில் இப்போது பொய் இல்லை. அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை யாழ்ப்பாணப் பக்கம் இருக்கிறது. சேர்க்கலாமா என்று சுதன் கேட்டான். அங்கே போனால் வேறு சைகை பழகுவாள், எழுத்துப் பழகுவாள், கைப்பேச்சு கலங்கிப்போகும். விடுதியில் இடமில்லையாம் என்று சொன்னேன். அதனால் பெனிற்றாவுக்கு இன்றைக்கும் தன் பெயரை எழுதத் தெரியாது. ஆனால் அவளுடைய கையை நீங்கள் பார்க்கவேண்டும். தகப்பனையே மிஞ்சிவிட்டாள்.

இனி நான் பிடிபட்ட கதை. பிடிபட்டேன் என்று நீங்கள் சொல்கிறீர்கள், என் கணக்கில் நானாகத்தான் சொன்னேன்.

மாற்கு முழுவதும் முடிந்து, ஏழாம் அதிகாரத்தில் ஒரு இடம் மட்டும் மிஞ்சியிருந்தது. இயேசு காது கேளாத ஒருவனைத் தனியே கூட்டிக்கொண்டு போய், காதில் விரலை இட்டு, உமிழ்ந்து, நாக்கைத் தொட்டுக் குணமாக்கும் இடம். முதலில் எடுத்த படத்தில் சுதன் துப்பிக் காட்டியதும், பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் எழும்பிப் போய்விட்டார்கள். இந்த ஊரில் சின்ன வயதில் துப்பு வாங்காத கைப்பேச்சுக்காரர் இல்லை. தமிழ்ப் புத்தகத்தில் எத்தனையோ தடவை வாசித்த நானும் அதை யோசிக்கவில்லை. ஆகவே இயேசு தன் விரலை நாக்கில் நனைத்து, பிள்ளையின் முகத்தில் கறை துடைக்கிற தாயைப்போலத் தொடுகிற மாதிரித் திரும்ப எடுத்தோம். அன்றைக்கு வராமல் இருந்தது அல்போன்சம்மா மட்டும்தான். எனவே புதுப் படத்தைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல அவவைக் கூப்பிட்டோம்.

போன செவ்வாய்க்கிழமை, பத்து மணி, கோயில் மண்டபம். தர்சனா கமராவைப் போட்டா. சிவப்பு வெளிச்சம் வந்தது. அல்போன்சம்மா படத்தைப் பார்த்து முடித்துச் சொல்லத் தொடங்கினா. நான் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினேன்.

"ஊராக்கள் ஒராளைக் கூட்டியந்தவை. அவனுக்குக் கேக்காது. யேசு சனத்துக்கு முன்னாலை அவனை வைச்சுக் காட்டேல்லை, தனியக் கூட்டிக்கொண்டு போனவர். காதுக்குள்ளை விரல் வைச்சவர். விரலை நனைச்சு நாக்கைத் தொட்டவர். மேலை பாத்துப் பெருமூச்சு விட்டவர். திறபடு எண்டவர். திறபட்டிட்டுது."

தர்சனா புத்தகத்தில் சரி போட்டா. அல்போன்சம்மாவின் கை நிற்கவில்லை.

"எங்கடை பிள்ளைக்கும் முந்திக் கேட்டது. ஆடு கத்தினால் திரும்பிப் பாப்பாள். பெரிய டொக்டரிட்டைக் கொண்டுபோனனாங்கள். செய்ய ஒண்டுமில்லை எண்டிட்டார். யேசு பெருமூச்சு விட்டவர். டொக்டர் சிரிச்சவர்."

அதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். கதை பிடிச்சிருக்காம் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம், தர்சனாவுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் வெளிச்சம் எரிகிறது. சொன்னேன். சிரிச்சவர் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

தர்சனா பேனாவை வைத்தா. "முந்திக் கேட்ட பிள்ளையோ? எந்த டொக்டர் அண்ணை அப்பிடிச் சொன்னவர்?"

நான் கமராவைப் பார்த்தேன். அவ வழக்கமாக வசனம் முடிந்ததும் எழும்பிப் போய் அதை நிறுத்திவிடுவா. அன்றைக்கு எழும்பவில்லை. நிறுத்தும், தர்சனா, நிறுத்தும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அவவின் கேள்வியைக் கையால் கேட்டேன். என் கண் கமராவுக்கே போய்வந்ததை அல்போன்சம்மா கண்டு, என்ன பார்க்கிறாய் என்று கேட்டா. அதையும் தமிழில் சொன்னேன். பிறகு அவ சொன்ன பதிலையும் சொன்னேன். "பட்டினத்து டொக்டர். கிளினிக் கொப்பி சிவகரனிட்டை இருக்கு."

தர்சனா என்னை நிமிர்ந்து பார்த்தா. "சிவகரன் எண்டால் நீங்கள்தானே, அண்ணை."

"ஓம்" என்றேன்.

கொப்பியை முன்பே எரித்திருக்கலாமே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். அரசாங்கக் கடதாசியை எரிக்க எனக்குக் கை வராது. அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். தர்சனா என் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து இரண்டு தடவை வாசித்தா.

"இதை நீங்கள் அவையளுக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னனான். வேறை மாதிரிச் சொன்னனான்."

"ஒரு பிள்ளையின்ரை காது, அண்ணை. ஐயோ, ஒரு பிள்ளையின்ரை காது."

"படிவத்திலை எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டது நீர்தானே, தங்கச்சி" என்றேன். குற்றம் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னேன். அவ எழும்பிக் கிணற்றடிக்குப் போய்ச் சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தா. பிறகு, வாங்கோ, இப்பவே போய் அவையளுக்குச் சொல்லுவம் என்று என் கையைப் பிடித்து இழுத்தா. படம் வெளியிட்டு முடியட்டும் என்று நான் சொன்னேன். அவ என் கையை விட்டா. கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்துவிட்டா.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பெனிற்றாவின் கேட்கும் சக்தியை நான்தான் போக்கினேன். தெரிந்தே போக்கினேன். டொக்டரில் பிழையில்லை, தாய் தகப்பனில் பிழையில்லை. இருபத்தொரு பேர் இருபத்திரண்டு பேரானார்கள், வேதமும் முடிந்தது. ஒரு சொல் பிழையில்லாத வேதம். அதை எந்த நீதிமன்றத்திலும் போட்டுப் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. என்னை ஏன் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது. நேற்றுச் சுதன் வாசலில் வந்து நின்று, யாரோ உன்மேல் பொய் சொல்லிவிட்டார்கள் என்று கையால் கத்தினான். அல்போன்சம்மா நண்டுக்கறியும் சோறும் கொண்டுவந்தா. யாழ்ப்பாணத்திலிருந்து நீங்கள் கூப்பிட்ட சைகை ரீச்சருக்கு அவர்கள் பேசியதில் ஒன்றும் விளங்கவில்லை, அவர்களுக்கும் அவவின் சைகை விளங்கவில்லை. பின்னேரப் படகில் திரும்பிப் போய்விட்டா. அவர்களிடம் வாக்குமூலம் எடுக்காமல் நீங்கள் வழக்கை நடத்த ஏலாது. அவர்களுக்கு உண்மையைச் சொல்கிற கடமை எனக்கும் இருக்கிறது.

அவர்களைக் கூப்பிடுங்கள், ஐயா. இந்த விலங்கைக் கொஞ்ச நேரம் கழற்றிவிட்டால் போதும், நானே எல்லாவற்றையும் சொல்லி, அவர்கள் சொல்வதையும் உங்களுக்குத் தமிழில் தருகிறேன். வேறு யார் சொன்னாலும் ஏற்கமாட்டார்கள். இதுவரைக்கும் நான் சொன்ன ஒன்றையும் அவர்கள் நம்பாமல் விட்டதில்லை.